கமிஷன் வாங்கலாம், வாசகரை விற்கக் கூடாது

அத்தியாயம் 7

நீங்கள் பரிந்துரைத்த பொருளை வாசகர் வாங்கினால், விற்றவர் உங்களுக்கு ஒரு பங்கு தருகிறார். அஃபிலியேட் வருமானம் என்பது இவ்வளவுதான். அமேசான் 1996இல் அசோசியேட்ஸ் என்ற பெயரில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது புத்தகம் மட்டுமே விற்றுக்கொண்டிருந்தது. இன்று சமையல், குழந்தை வளர்ப்பு, மாடித்தோட்டம், மொபைல் என்று எதைப் பற்றி எழுதுகிறவருக்கும் ஏதோ ஒரு நிறுவனத்தின் திட்டம் கிடைக்கிறது.

கல்யாணத் தரகர் கமிஷன் வாங்குகிறார் என்பது ஊருக்கே தெரியும். அதற்காக யாரும் அவரை வாசலிலேயே நிறுத்துவதில்லை. பையனுக்கு இருக்கும் கடனை மறைத்துவிட்டு ‘தங்கமான குடும்பம்’ என்று சொல்லி முடித்துவைத்தார் என்பது வெளியே வந்தால், அதன்பிறகு அந்தத் தெருவில் அவருக்கு வேலை இல்லை. உங்கள் நிலையும் அதுதான். கமிஷன் வாங்குவதால் நம்பிக்கை போவதில்லை. எதைப் புகழ்வது, எதை விட்டுவிடுவது என்பதைக் கமிஷன் முடிவுசெய்யத் தொடங்கும்போதுதான் போகிறது. ‘இதை வாங்காதீர்கள்’ என்று எழுதும் சுதந்திரம் உங்கள் கையில் இருக்கும்வரை, ‘இதை வாங்குங்கள்’ என்ற உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்காமல் சம்பாதிப்பது எப்படி என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

லிங்க்கைத் தட்டினால் என்ன நடக்கிறது?

உங்கள் கிரைண்டர் கட்டுரையைப் படித்த வாசகர் அமேசான் லிங்க்கைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த முகவரியில் உங்களுக்கென்று கொடுத்த அடையாளம், அதாவது டேக், ஒட்டிக்கொண்டிருக்கும். அமேசான் இந்தியா தரும் டேக் ‘-21’ என்று முடியும். நீங்கள் அனுப்பிய வாசகர் என்பது இதன் மூலம் பதிவாகிறது. அடுத்த 24 மணி நேரத்துக்குள் அவர் வாங்கினால் கமிஷன் உங்களுக்கு. அந்த நேரத்துக்குள் கூடையில் போட்டுவைத்துவிட்டுச் சில நாள் கழித்து வாங்கினாலும் கணக்கில் சேரும். இடையில் இன்னொருவருடைய லிங்க்கைத் தட்டிவிட்டால் கமிஷன் அவருக்குப் போய்விடும். வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பினால் அதற்கான கமிஷன் ரத்து.

இதிலிருந்து மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, உங்கள் லிங்க் வழியாகப் போனார் என்பதற்காக வாசகர் கூடுதலாக ஒரு பைசாவும் தருவதில்லை. கமிஷன் விற்பவரின் பங்கிலிருந்து வருகிறது.

இரண்டு, கிரைண்டர் லிங்க்கைத் தட்டிய வாசகர் அதை விட்டுவிட்டுச் செருப்பும் துணி சோப்பும் வாங்கினால் அவற்றுக்கும் உங்களுக்குக் கமிஷன் உண்டு. ஆகவே குறிப்பிட்ட ஒரு பொருளை வாசகர் தலையில் கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

மூன்று, என்னென்ன பொருள்கள் விற்றன என்பது உங்கள் அறிக்கையில் தெரியும். யார் வாங்கினார் என்பது தெரியாது. ‘நான் என்ன வாங்கினேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமா?’ என்று வாசகர்கள் கேட்பதுண்டு. தெரியாது என்று நேராகச் சொல்லிவிடலாம்.

தூண்டில் எங்கே இருக்கிறது?

கமிஷன் 4 சதவீதம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 3,500 ரூபாய்க் கிரைண்டர் விற்றால் 140 ரூபாய் வரும். 8,000 ரூபாய்க் கிரைண்டர் விற்றால் 320 ரூபாய். நூறு பேர் வாங்கினால் வித்தியாசம் 18,000 ரூபாய். இதற்காக நீங்கள் பொய் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. 8,000 ரூபாய்க் கிரைண்டரைப் பட்டியலில் முதலில் வைத்தால் போதும். மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு 3,500 ரூபாய்க் கிரைண்டரே தாராளம் என்ற ஒரு வரியை எழுதாமல் விட்டால் போதும். பெரும்பாலான தளங்களில் நம்பிக்கை கெடுவது இப்படிச் சத்தமில்லாமல்தான்.

இன்னொரு தூண்டில், கமிஷன் தராத பொருளைக் கண்டுகொள்ளாமல் விடுவது. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த ஊரின் சிறு உற்பத்தியாளர்கள் பலரின் கிரைண்டர் உள்ளூர்க் கடையில்தான் கிடைக்கும். எந்த அஃபிலியேட் திட்டத்திலும் இருக்காது. ‘சிறந்த 5 கிரைண்டர்கள்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டு ஆன்லைனில் விற்பவற்றை மட்டும் அடுக்கினால், அது ஆன்லைனில் கிடைக்கும் ஐந்து கிரைண்டர்களின் பட்டியல் மட்டுமே. தலைப்பில் அதைச் சொல்லுங்கள். அல்லது லிங்க் இல்லாத பொருளையும் பட்டியலில் சேருங்கள். ‘இது கடையில்தான் கிடைக்கும், எனக்கு இதில் கமிஷன் இல்லை’ என்ற வரியைப் படித்த வாசகர், மற்ற நான்கைப் பற்றி நீங்கள் சொல்வதையும் நம்பிப் படிப்பார்.

கமிஷன் விகிதத்தை நம்பி வரிசை போடுவது வியாபாரமாகப் பார்த்தாலும் சரிவராது. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் கமிஷனைக் குறைத்தது. மரச்சாமான் பிரிவில் 8 சதவீதமாக இருந்தது 3 ஆனது. மளிகையில் 5 சதவீதமாக இருந்தது 1 ஆனது. விகிதம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதைப் பார்த்து எதை எழுதுவது என்று முடிவுசெய்தவர்களுக்கு வருமானமும் போயிற்று, கையில் மிஞ்சிய கட்டுரைகளாலும் வாசகருக்குப் பயனில்லை.

முதலில் தீர்ப்பு, பிறகு லிங்க்

வயர்கட்டர் என்ற அமெரிக்கத் தளம் 2011இல் தொடங்கியது. ஒவ்வொரு பொருளிலும் நீண்ட சோதனைக்குப் பிறகு ஒன்றையோ இரண்டையோ பரிந்துரைப்பது, லிங்க் வழியாக வரும் கமிஷனில் பிழைப்பது, இதுதான் அதன் முறை. 2016இல் நியூயார்க் டைம்ஸ் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது. எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், கமிஷன் ஒப்பந்தங்களைப் பார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்துவைப்பது அந்தத் தளத்தின் அடிப்படை விதி. எந்தப் பொருளுக்கு எவ்வளவு கமிஷன் என்பது தேர்ந்தெடுப்பவரைப் பாதிக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

நீங்கள் ஒற்றை ஆளாக எழுதுகிறீர்கள். இரண்டு அறை கட்ட முடியாது. ஆனால் இரண்டு வேளைகளாகப் பிரிக்க முடியும். வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. யாருக்காக எழுதுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ‘மூன்று பேர் இருக்கும் வாடகை வீடு, வாரம் ஒருமுறை மாவாட்டுகிறவர்கள்.’

2. அவர்களுக்கு எது முக்கியம் என்று நான்கைந்து அம்சங்களைக் குறியுங்கள்.

3. பொருளைப் பயன்படுத்திப் பாருங்கள். வாங்க முடியாவிட்டால், வைத்திருப்பவர் வீட்டில் போய்ப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், நேரில் பயன்படுத்தவில்லை என்று கட்டுரையில் எழுதுங்கள்.

4. தீர்ப்பை எழுதுங்கள். முதலிடம் எதற்கு, ஏன், யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சேர்த்து.

5. இவ்வளவும் முடிந்த பிறகு அஃபிலியேட் பக்கத்தைத் திறந்து லிங்க் எடுங்கள். லிங்க் கிடைக்காத பொருளுக்கு லிங்க் இல்லாமலே விடுங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

நான்காவது படிக்கும் ஐந்தாவது படிக்கும் நடுவில் ஒரு இரவு போகட்டும். காலையில் லிங்க் எடுக்கும்போது வரிசையை மாற்றத் தோன்றினால், ஏன் தோன்றுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு கட்டுரையைக் கிட்டத்தில் பார்ப்போம்

டேபிள் டாப் கிரைண்டர் பற்றி இணையத்தில் நிறையத் தமிழ்க் கட்டுரைகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்:

‘சக்திவாய்ந்த மோட்டார், அழகிய வடிவமைப்பு, நீடித்த உழைப்பு என அனைத்து அம்சங்களும் கொண்ட இந்தக் கிரைண்டர் உங்கள் சமையலறைக்கு ஏற்ற தேர்வு. வாங்க இங்கே தட்டவும்.’

இதில் ஒரு வாக்கியம்கூடக் கிரைண்டரைத் தொட்டுப் பார்த்தவர் எழுதியதில்லை. பெட்டியில் அச்சிட்டதைத் தமிழில் போட்டிருக்கிறார்கள். கிரைண்டரை மிக்சி என்று மாற்றினாலும் பொருந்தும். கூகுளும் இந்த வகைப் பக்கங்களைத் தேடலில் கீழே தள்ளுகிறது. விற்பவர் தந்த விவரத்தை அப்படியே போட்டு லிங்க் வைக்கும் பக்கங்களை அது ஸ்பேம் விதிகளில் தனியாகவே குறிப்பிடுகிறது.

மாவாட்டுகிறவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. உளுந்து எவ்வளவு நேரத்தில் பொங்க ஆட்டுகிறது? முடிக்கும்போது மாவு கைக்குச் சூடாக இருக்கிறதா? சூடேறிய மாவு வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துவிடும். நடுத்தண்டைச் சுற்றி மாவு தங்குகிறதா, வழித்தெடுக்க எளிதா? மாவோடு இருக்கும் பாத்திரத்தை அறுபது வயதுக்காரரால் தூக்க முடியுமா? சாயங்கால வோல்டேஜில் மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிடுகிறதா? பெல்ட் அறுந்தால் உள்ளூர்க் கடையில் கிடைக்குமா? மோட்டாருக்கு ஒரு வாரண்டி, மற்ற பாகங்களுக்கு வேறு வாரண்டி என்று பிரித்துத் தருவது வழக்கம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது எதற்கான வாரண்டி? சர்வீஸ் ஆள் சென்னை, கோவை தாண்டி உங்கள் வாசகர் ஊருக்கு வருவாரா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பத்தி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

‘அரை கிலோ உளுந்து அரை மணி நேரத்துக்குள் பொங்கிவிட்டது. மாவு லேசாகச் சூடாகிறது. குளிர்ந்த நீர் தெளித்து ஆட்டினால் பிரச்சினை இல்லை. கல்லைக் கழற்றிக் கழுவுவது எளிது, ஆனால் பாத்திரம் கனமானது. மூட்டுவலி உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம். கையால் சாய்த்து மாவை ஊற்றும் டில்டிங் மாடல் பாருங்கள். அதில் விலை கூடும்.’

கடைசி மூன்று வாக்கியங்களைக் கவனியுங்கள். முதலில் யாருக்கு வேண்டாம் என்று சொல்கிறது. பிறகு விலை கூடிய மாடலைச் சொல்கிறது, அதற்குக் காரணத்தோடு. அதிகக் கமிஷன் வரும் பொருளைப் பரிந்துரைப்பதில் தவறில்லை. அது யாருக்குத் தேவை என்ற காரணம் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இதே கட்டுரையில் இன்னொரு பத்தியும் இருக்கலாம். தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்த கிரைண்டர் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சத்தம் வருகிறது, மெதுவாக ஓடுகிறது என்று அதை மூலையில் போட்டிருப்பார்கள். ‘முதலில் பெல்ட்டை மாற்றிப் பாருங்கள். கல் தேய்ந்திருந்தால் கொத்திக் கொடுக்க ஆள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அது ஓடினால் புதுக் கிரைண்டர் வேண்டாம்’ என்று எழுதுங்கள். இந்தப் பத்தியால் உங்களுக்குக் கொஞ்சம் கமிஷன் குறையும். அதைப் படித்துப் பெல்ட்டை மாற்றிக்கொண்டவர் குக்கர் வாங்கும்போது உங்களிடம்தான் வருவார்.

எங்கே சொல்வது, எப்படிச் சொல்வது

கமிஷன் வருகிறது என்பதை வாசகர் லிங்க்கைத் தட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

தளத்தின் அடியில் ‘விதிமுறைகள்’ என்ற தனிப் பக்கத்தில் மட்டும் எழுதிவைப்பது போதாது. அங்கே யாரும் போவதில்லை. கட்டுரையின் கடைசி வரியில் எழுதுவதும் போதாது. லிங்க் நடுவிலேயே வந்துவிடுகிறது. தமிழ்க் கட்டுரையில் அறிவிப்பை மட்டும் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் போடுவது மிக மோசம். கட்டுரையைத் தமிழில் படிக்கிறவருக்கு அறிவிப்பும் தமிழில்தான் போய்ச் சேரும்.

முதல் லிங்க்குக்கு மேலே, கட்டுரை எழுத்தின் அளவிலேயே, இப்படி எழுதலாம்:

‘இந்தக் கட்டுரையில் உள்ள சில லிங்க்குகள் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும். உங்களுக்கு விலை கூடாது. எதைப் பரிந்துரைப்பது என்பதை லிங்க் எடுப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிடுகிறேன்.’

மூன்றாவது வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

கட்டுரை நீளமாக இருந்தால், ஒவ்வொரு லிங்க்குக்குப் பக்கத்திலும் ‘கமிஷன் லிங்க்’ என்று இரண்டு சொல் போட்டுவிடுங்கள். தேடலில் வரும் வாசகர் தலைப்பிலிருந்து படிப்பதில்லை; நேராக அட்டவணைக்குப் போய்விடுவார்.

தவிர்க்க வேண்டிய வாசகங்களும் உண்டு. ‘இந்தத் தளத்தை ஆதரிக்க இங்கே தட்டுங்கள்’ என்பது பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்கிறது. ‘சில லிங்க்குகள் அஃபிலியேட் லிங்க்குகளாக இருக்கலாம்’ என்பதில் ‘இருக்கலாம்’ எதற்கு? வைத்தவர் நீங்கள்தானே. வெறுமனே ‘அஃபிலியேட்’ என்று மட்டும் போட்டாலும் பல வாசகருக்குப் புரியாது. ‘கமிஷன்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

யூடியூபில் பேசுகிறவர்கள் வாயாலும் சொல்ல வேண்டும், திரையிலும் காட்ட வேண்டும். கீழே விவரப் பெட்டியில் பத்து ஹேஷ்டேக்குகளுக்கு நடுவில் ஒன்றாகப் போடுவது சொன்னதாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் புதிதாக வந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை 2022 ஜூன் 9 அன்று வெளியிட்டது. பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே வாசகர் சாதாரணமாக எதிர்பார்க்காத ஆதாய உறவு இருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்பது அதில் உள்ள விதி. பரிந்துரைப்பவர் தான் சொல்வதை உண்மையாக நம்ப வேண்டும். போதுமான தகவலோ அனுபவமோ இருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை, பிரபலங்களுக்கும் சமூக ஊடகங்களில் செல்வாக்குள்ளவர்களுக்குமாகக் கையேடு ஒன்றை வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, சுற்றுலா, ஹோட்டல் தங்கல் எல்லாமே ஆதாய உறவுதான் என்று அது பட்டியலிடுகிறது. அறிவிப்பு பரிந்துரைக்குள்ளேயே, கண்ணில் படாமல் போகாத இடத்தில் இருக்க வேண்டும். வீடியோ என்றால் ஒலியிலும் காட்சியிலும். நேரலை என்றால் தொடர்ந்து தெரிய வேண்டும் என்கிறது.

தவறான விளம்பரத்துக்கு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவருக்கு ஓராண்டு வரை, மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை, பரிந்துரை செய்யவே தடை விதிக்கலாம்.

அமெரிக்காவிலிருந்து தமிழில் எழுதுகிறவர்களுக்கு அந்நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விதிகளும் பொருந்தும். இணையத்தில் எழுதுகிறவர்களையும் உள்ளடக்கி 2009இல் திருத்திய அந்த விதிகளை 2023இல் மீண்டும் புதுப்பித்தார்கள். சாரம் ஒன்றுதான்: தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் இருக்கும் அறிவிப்பு, அறிவிப்பே இல்லை.

லிங்க் வைக்கக் கூடாத இடங்கள்

சில பொருள்களுக்குக் கமிஷன் அதிகமாக இருக்கும். அதிகமாக இருப்பதற்குக் காரணமும் இருக்கும்.

தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பவுடர், பால் புட்டி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவு ஆகியவற்றை விளம்பரப்படுத்த 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குழந்தை வளர்ப்பு பற்றி எழுதுகிறவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. கடையில் விற்கிறது, அஃபிலியேட் பட்டியலில் இருக்கிறது என்பதால் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்கலாம் என்றாகிவிடாது.

சர்க்கரை நோயைக் குணப்படுத்தும், புற்றுநோயைத் தீர்க்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூலிகை, லேகியம் என்று பெயர் மாறினாலும் சட்டம் மாறாது.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்தது. ரம்மி ஆப் ரெஃபரல் லிங்க் பழைய கட்டுரையில் எங்காவது கிடந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். விளம்பரம் செய்தவருக்கே சிறைத்தண்டனை வரை போகும்.

பங்குச் சந்தையில் செபி 2024இல் விதியை இறுக்கியது. பதிவு பெறாமல் எந்தப் பங்கை வாங்கலாம், விற்கலாம் என்று ஆலோசனை சொல்கிறவர்களோடு, பதிவு பெற்ற தரகு நிறுவனங்கள் பணத் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது. டீமாட் கணக்கு லிங்க்கையும் பங்கு டிப்ஸையும் ஒரே பக்கத்தில் வைப்பதை விட்டுவிடுங்கள்.

நிறுவனங்கள் போடும் விதிகள்

ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி ஒப்பந்தம் உண்டு. சேரும் முன் படியுங்கள். அமேசானில் புதியவர்கள் தடுக்கி விழும் சில இடங்களை மட்டும் சொல்கிறேன். சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். நீங்கள் அசோசியேட் என்பதையும், விற்பனையிலிருந்து வருமானம் பெறுகிறீர்கள் என்பதையும் அவர்கள் தரும் வாசகத்தால் தளத்தில் அறிவிக்க வேண்டும். அந்த வாசகத்தைப் போட்டுவிட்டால் கட்டுரைக்குள் தனியாகச் சொல்ல வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அது நிறுவனத்துக்கு, இது வாசகருக்கு. உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்கினால் கமிஷன் கிடையாது. அச்சுப் புத்தகத்திலும் மின்னூலிலும் லிங்க் போடக் கூடாது. அவர்கள் பக்கத்தில் உள்ள வாடிக்கையாளர் விமர்சனங்களை எடுத்து உங்கள் தளத்தில் ஒட்டக் கூடாது. விலையைக் கையால் தட்டச்சு செய்து வைத்தால் மறுநாளே பொய்யாகிவிடும். ‘நான்காயிரத்தை ஒட்டி’ என்று எழுதி, எந்த மாதத்து விலை என்பதையும் சேருங்கள்.

லிங்க்கைத் தட்டாத வாசகரையும் தட்டியதாகக் காட்டும் குறுக்கு வழிகளைச் சிலர் சொல்லித் தருவார்கள். ஈபே நிறுவனத்தை அப்படி ஏமாற்றிய வழக்கில் அமெரிக்காவில் இருவர் 2014இல் சிறைக்குப் போனார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தொழில்நுட்பத்தில் ஒரே ஒரு வேலை: கமிஷன் லிங்க்கின் குறியீட்டில் ‘ஸ்பான்சர்ட்’ என்ற அடையாளத்தைச் சேருங்கள். பணத் தொடர்புள்ள லிங்க்குகளைக் காட்டக் கூகுள் 2019இல் இதைக் கொண்டுவந்தது.

இலவசமாக வரும் பொருள்

தளம் கொஞ்சம் வளர்ந்ததும் ‘ஒரு கிரைண்டர் அனுப்புகிறோம், எழுதுங்கள்’ என்று கடிதம் வரும். வாங்கிக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். வாங்கினால் பதிலில் மூன்று விஷயங்களைத் தெளிவாக எழுதிவிடுங்கள்: இலவசமாக வந்தது என்று கட்டுரையில் சொல்வேன், வெளியிடும் முன் காட்ட மாட்டேன், பிடிக்காவிட்டால் அதையும் எழுதுவேன், அல்லது எழுதாமலே திருப்பி அனுப்புவேன். பாதி நிறுவனங்கள் இந்தப் பதிலோடு நின்றுவிடலாம். நின்றவை நல்லதுக்கே நின்றன.

வரிக் கணக்கையும் மறக்காதீர்கள். 2022 ஜூலை முதல், ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள இலவசங்களை ஒரு நிறுவனம் கொடுத்து நீங்கள் வைத்துக்கொண்டால், அதற்கு 10 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு. கமிஷனும் வருமானம்தான், பான் எண்ணைக் கொடுத்து, பிடித்த வரி உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கட்டுரைகள்

வெளியிட்ட அன்று நேர்மையாக இருந்த கட்டுரை இரண்டு ஆண்டில் பொய்யாகிவிடலாம். நீங்கள் புகழ்ந்த மாடல் நின்றுபோயிருக்கும். அதே பெயரில் மோட்டார் மாறியிருக்கும். அதே பக்கத்தில் விற்பனையாளர் வேறு பொருளையே வைத்திருப்பார், பழைய நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும். லிங்க் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். கமிஷனும் வந்துகொண்டே இருக்கும். இது மறைத்துச் சம்பாதிப்பதற்கு அடுத்த வீடு.

ஆகவே அதிகம் விற்கும் பத்துக் கட்டுரைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்றவற்றை ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். புரட்டாசி, ஐப்பசியில் வரும் பெரிய ஆன்லைன் விற்பனைகளுக்கு முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது. அப்போதுதான் வாசகர் கூட்டமாக வருவார்கள். ‘கடைசியாகச் சரிபார்த்தது’ என்று தேதி போடுங்கள். சரிபார்க்காமல் தேதியை மட்டும் மாற்றாதீர்கள். தீர்ப்பு மாறியிருந்தால் பழையதை அழிக்காமல், எது ஏன் மாறியது என்று ஒரு வரி சேருங்கள். சலுகை விற்பனை நேரத்தில் ‘இன்று மட்டும்’, ‘கடைசி வாய்ப்பு’ என்று அவசரப்படுத்தாதீர்கள். அந்த வேலையைச் செய்ய விற்பவரிடம் ஆள் இருக்கிறார்கள்.

‘கமிஷனுக்காகத்தானே இதைச் சொன்னீர்கள்?’ என்று வாசகர் எழுதினால் கோபப்பட வேண்டாம். ‘ஆம், இதில் எனக்குக் கமிஷன் உண்டு. இந்தக் காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தேன். கமிஷன் இல்லாத இன்ன பொருளும் உங்களுக்குச் சரியாக வரும்’ என்று பதில் எழுதுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் சொல்லக் காரணமோ, மூன்றாவதில் சொல்லப் பொருளோ உங்களிடம் இல்லையென்றால், வாசகர் கேட்டது சரியான கேள்வி. கட்டுரையைத் திருத்துங்கள்.

இந்த அத்தியாயத்துக்கான பயிற்சி

உங்கள் தளத்தில் அதிகக் கமிஷன் கொண்டுவரும் ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் லிங்க்குக்கு மேலே தமிழில் அறிவிப்பு இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே எழுதுங்கள்.

2. பெட்டியில் அச்சிட்டிருப்பதைத் திருப்பிச் சொல்லும் வாக்கியங்களை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள்.

3. ‘யாருக்கு வேண்டாம்’ என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி சேருங்கள். எழுத வரவில்லையென்றால் அந்தப் பொருள் உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

4. கமிஷன் இல்லாத ஒரு மாற்றைச் சேருங்கள்: உள்ளூர்க் கடை, பழுதுபார்ப்பு, பக்கத்து வீட்டில் இரவல், எதுவானாலும்.

5. எல்லா லிங்க்குகளையும் எடுத்துவிட்டு ஒருமுறை படியுங்கள். கட்டுரை அப்போதும் வாசகருக்குப் பயன்பட்டால் லிங்க்குகளைத் திரும்ப வையுங்கள். பயன்படவில்லையென்றால் லிங்க் வைக்க அங்கே ஒன்றும் இல்லை. இரண்டாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.